படலம்

சாவியைத் திருப்பினேன். ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம். மீண்டும் திருப்பினேன். மீண்டும் ‘டொக்’. டேஷ்போர்டு விளக்குகள் மங்கின, சாவியை விட்டதும் பழையபடி பளிச்சென்று எரிந்தன. மார்கழிக் காலை. கோயம்புத்தூரின் போத்தனூர் ஜங்ஷன் பக்கம் ஒரு சரக்கு ரயில் நகரும் இரும்புச் சத்தம் கேட்டது. வாசலில் என் டீசல் பிக்கப் தேங்காய் மூட்டைகளைச் சுமந்துகொண்டு அசையாமல் நின்றது. வண்டிக்கு வயது இருபது.

பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி, புதியது வாங்கப் பணத்தோடு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். ரயில்வே சிக்னல் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

“ஏங்கண்ணு, பேட்டரி போயிருச்சுன்னு ஆரு சொன்னாங்க?”

“செல்ப் எடுக்கலீங்கய்யா.”

“செல்ப் எடுக்கலைன்னா செல்ப் எடுக்கலைன்னு மட்டுந்தான் அர்த்தம். இரு, மீட்டரை எடுத்துட்டு வர்றேன்.”

மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகடிவ் கம்பத்தின் நடு ஈயத்தில் வைத்தார். சுற்றியிருக்கும் கிளாம்பைத் தொடவில்லை. சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிப் பளபளத்த ஓர் இடத்தில் வைத்தார். “இப்ப அடி” என்றார். சாவியைத் திருப்பினேன். மீட்டர் 3.1 வோல்ட் காட்டியது.

நெகடிவ் கம்பமும் எஞ்சின் பிளாக்கும் விரல் கனமுள்ள கேபிளால் இணைக்கப்பட்டவை. மின்சாரத்தின் பார்வையில் இரண்டும் ஒரே இடம். இடையில் கால் வோல்ட் விழலாம், அரை வோல்ட் விழுந்தால் சந்தேகப்படலாம். மூன்று வோல்ட் விழுகிறது என்றால் பன்னிரண்டில் கால் பங்கு வழியிலேயே செலவாகிறது. டீசல் வண்டியின் செல்ப் மோட்டார் சுற்றத் தொடங்கும் கணத்தில் 200 ஆம்பியருக்கும் மேல் இழுக்கக்கூடியது. 200 என்றே வைத்துக்கொள்வோம். 3.1 வோல்ட்டை 200-ஆல் வகுத்தால் 0.0155 ஓம். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பகுதியில் வைத்து அளந்தால் இந்த மின்தடை கண்ணுக்கே தெரியாது, பூஜ்யம் என்றுதான் காட்டும். ஆனால் 200 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் எரியும் திறன் 620 வாட். சமையலறை மிக்ஸி ஒன்று ஓடுகிற அளவு சக்தி, ஒரு கிளாம்புக்குள் சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

கிளாம்பைக் கழற்றினோம். உள்ளே வெள்ளையும் பச்சையுமாக ஒரு மெல்லிய பொடி. கந்தக அமிலத்தின் ஆவி ஈயத்தையும் செம்பையும் தின்று விட்டுப்போன சல்பேட் உப்புகள். ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றியதும் நுரைத்து அடங்கியது. உப்புத்தாள் போட்டு ஈயம் மின்னும்வரை தேய்த்து, மறுபடி முடுக்கி, அதற்குமேல் வாஸ்லின் பூசினோம். மீட்டர் இப்போது 0.2 காட்டியது. எஞ்சின் ஒரே சுற்றில் எடுத்தது.

படலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. கம்பராமாயணத்தில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பெயர் படலம். கண்ணின் மேல் படரும் மெல்லிய திரைக்கும் படலம் என்றுதான் பெயர். இருபது வருஷம் ஓடிய வண்டியை வைத்திருப்பவருக்கு இரண்டாவது பொருள் முக்கியமானது. அன்று காலையிலிருந்து இன்றுவரை என் வண்டியில் நானே சரிசெய்த கோளாறுகளை எண்ணிப் பார்க்கிறேன். பாகம் உடைந்து வந்த கோளாறு சிலதான். பெரும்பாலானவை இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் மயிரிழை கனத்துக்கு வேறொன்று வந்து உட்கார்ந்ததால் வந்தவை. மின்சாரத்தின் வழியில் உப்பு, வெப்பத்தின் வழியில் சுண்ணாம்பு, அழுத்தத்தின் வழியில் காற்று.

*

இரண்டு உலோகங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அவை முழுப் பரப்பிலும் தொடுவதாக நாம் நினைக்கிறோம். எவ்வளவு வழவழப்பாகக் கடைந்த உலோகத்திலும் நுண்ணோக்கிக்குள் மேடும் பள்ளமும் தெரியும். இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று அழுத்துங்கள். சில முட்கள் மட்டுமே சில முட்களைத் தொடும். உலோகங்களுக்கு இடையிலும் அப்படித்தான். மின்தொடுப்புகளை 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆழ்ந்து ஆராய்ந்த இயற்பியலாளர் ராக்னர் ஹோல்ம், மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துக் கொண்டே போகிறது என்பதைக் கணக்கோடு விளக்கினார். போல்ட்டை முடுக்கும்போது முட்கள் நசுங்கித் தட்டையாகின்றன, புதிய முட்கள் தொடுகின்றன, மின்தடை குறைகிறது. அதனால்தான் கிளாம்பைக் கையால் ஆட்டிப் பார்த்து அசைந்தால் அது பாதிக் கோளாறு. முள்ளின் நுனியில் ஆக்சைடோ சல்பேட்டோ படர்ந்துவிட்டால் மீதிப் பாதி.

வாஸ்லினை எப்போது பூச வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. முதலில் சுத்தமான உலோகம் உலோகத்தோடு அழுந்த வேண்டும். அதன்பிறகு வெளியே பூசும் வாஸ்லின் ஈரமும் அமில ஆவியும் உள்ளே நுழையாமல் தடுக்கிறது. பொடியைத் துடைக்காமல் அதன்மேலேயே பூசினால் பொடியைப் பாதுகாத்து வைத்ததாகத்தான் ஆகும்.

பிரித்துப் பார்த்துக் கற்பது கோயம்புத்தூரின் பழைய கல்விமுறை. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, பிறகு காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கி, முழுதும் பிரித்துத் திரும்ப மாட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். இந்தக் கதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்கிறார்கள். அதிலிருந்து பிரிக்கும் துணிச்சலை எடுத்துக்கொள்கிறோம், நல்லதுதான். அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கற்பதற்காகப் பிரிப்பது வேறு, பழுது தேடிப் பிரிப்பது வேறு. பழுது தேடும்போது ஸ்பேனருக்கு முன்னால் மீட்டர் வர வேண்டும். அன்று பெரியவர் வராமல் போயிருந்தால், நல்ல பேட்டரியைப் பழைய விலைக்குப் போட்டுவிட்டுப் புதிய பேட்டரியை அதே பச்சைப் பொடிக்குள் மாட்டியிருப்பேன்.

*

பழைய வண்டிக்காரர்கள் முதலில் செய்ய ஆசைப்படும் மேம்பாடு ஹெட்லைட். எனக்கும் அதே ஆசைதான். கிணத்துக்கடவு பக்கத்திலிருந்து இரவில் தக்காளிப் பெட்டியோடு வரும்போது எதிர்வண்டியின் வெளிச்சத்தில் என் விளக்கு எரிகிறதா என்றே தெரியாது. கடையில் எல்.இ.டி. பல்பு மாட்டச் சொன்னார்கள். மாட்டுவதற்கு முன் மீட்டரை எடுத்தேன்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட். ஹெட்லைட் ஹோல்டரில் 11.4. இரண்டு ஹைபீம் பல்புகளுக்கும் போகும் 10 ஆம்பியர், மெல்லிய ஒயர் வழியாக டேஷ்போர்டு ஸ்விட்ச் வரை ஏறி, ஸ்டீயரிங் பக்கத்து டிம்-டிப் ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து, திரும்ப முன்னால் வருகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு தொடுப்பிலும் இருபது வருஷக் கருப்பு. மொத்தத் தடை 0.2 ஓம். இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் மாறுகிறது. இழை கொஞ்சம் ஆறினாலே அது உமிழும் கதிர்வீச்சில் இன்னும் அதிகப் பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடும். 11.4-ஐ 13.5-ஆல் வகுத்து அடுக்கு ஏற்றினால் 0.56. வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் சாலைக்கு வந்துகொண்டிருந்தது.

மருந்து ஒரு ரிலே. பழைய ஸ்விட்ச் இனி பத்து ஆம்பியரைச் சுமக்க வேண்டியதில்லை. ஒரு சின்னக் காந்தச்சுருளுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தை மட்டும் அனுப்பினால் போதும். சுருள் இழுத்ததும் ரிலேயின் தொடுப்பு மூடிக்கொண்டு, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் வழியாக, பியூஸ் தாண்டி, நேரே பல்புக்கு மின்சாரம் போகும். போத்தனூரில் இருப்பவர்களுக்கு ரிலே புதிதல்ல. தென்னக ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பட்டறை இங்கேதான் இருக்கிறது. ரயில்வே சிக்னல் ரிலேக்களில் சில தொடுப்புகளின் ஒரு பக்கத்தை உலோகமாகவும் மறுபக்கத்தைக் கரியாகவும் வைக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னபோது காரணம் கேட்டேன். உலோகமும் உலோகமும் சூட்டில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் சிவப்பு விழ வேண்டிய நேரத்தில் பச்சை நிற்கும். கரியோடு உலோகம் பற்றவைத்துக் கொள்ளாது. தொடும் புள்ளியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு துறையே உயிர்ப் பிரச்சினையாக எடுத்து யோசித்திருக்கிறது.

ஒரு ஞாயிறு மதியம் இரண்டு ரிலே மாட்டினேன். ஹோல்டரில் 13.2 வோல்ட் வந்தது. அதே பழைய பல்பு. எல்.இ.டி. எனக்குத் தேவைப்படவில்லை. ஹெட்லைட்டின் கண்ணாடிக் குழிவு, இழை இருக்கும் ஒரே புள்ளியைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்.இ.டி. சில்லுகள் அந்தப் புள்ளியில் சரியாக அமைவதில்லை. வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் சிதறும்.

மற்ற மேம்பாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டால் ஒரு டன் கூடுதலாக ஏற்றலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. பிளேட் கூடினால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறும், அதனால் வண்டி தொய்யாது. ஆனால் பிரேக், ஆக்சில், டயர் எதுவும் அந்த பிளேட்டோடு சேர்ந்து வளரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. தகுதிச் சான்றான எப்.சி.க்கு முன் அந்த பிளேட்டைக் கழற்றி, பின் மாட்டும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

*

கோயம்புத்தூர் சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பெருமையாகச் சொல்லும். மலைக்காட்டு மழைநீர், கரைந்த தாது குறைவு. அதே ஊரில் போர் போட்டால் வருவதற்குப் பெயர் உப்புத்தண்ணி. போத்தனூரிலிருந்து பாலக்காடு போகும் வழியில் மதுக்கரை. அங்கே 1934 முதல் சிமென்ட் செய்கிறார்கள், காரணம் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். இந்தப் பக்கத்துப் பாறையிடுக்குகளில் ஊறிவரும் நீர் அந்தக் கால்சியத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டே வருகிறது. சூடானதும் கரைந்திருந்த பைகார்பனேட் உடைகிறது. கரியமில வாயு மேலே போகும், கால்சியம் கார்பனேட் கல்லாகப் படியும். கெட்டிலின் அடியில் பார்த்திருப்பீர்கள். எஞ்சினுக்குள்ளும் அதேதான் நடக்கிறது, நம் கண்ணில் படாமல்.

ரேடியேட்டரில் ஒரு தடவை நிரப்பும் தண்ணீர் பெரிய கெடுதி செய்யாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை என்று கணக்குக்கு வைத்தால், பத்து லிட்டரில் இருப்பது ஐந்து கிராம் சுண்ணாம்பு. ஆனால் ஹோஸ் கிளிப் லேசாகக் கசிகிறது, தினமும் காலையில் ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் போகிறோம் என்றால், வருஷத்துக்கு 180 கிராமுக்கு மேல் கல் உள்ளே சேர்கிறது. கசிவைச் சகித்துக்கொண்ட பழக்கம்தான் எஞ்சினைக் கொல்கிறது.

சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய 25 மடங்கு மந்தம். ஒரு மில்லிமீட்டர் படிவு என்பது, சிலிண்டர் சுவருக்கு 25 மில்லிமீட்டர் இரும்பைக் கூடுதலாக உடுத்திவிட்டதற்குச் சமம். எரியறைக்குப் பக்கத்துச் சுவரின் வழியே சதுர மீட்டருக்கு ஒரு லட்சம் வாட் வெப்பம் வெளியேற வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். அந்த ஒரு மில்லிமீட்டருக்கு அப்புறமும் இப்புறமும் 50 டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் அவ்வளவு வெப்பம் கடக்கும். டேஷ்போர்டின் சூட்டு மீட்டர் அளப்பது தண்ணீரை. அது 90 டிகிரியில் நிதானமாக நிற்கும்போதே, இரும்பு அதற்குரியதைவிட 50 டிகிரி அதிகச் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். ‘மீட்டர் சரியாத்தான் இருந்துச்சு, திடீர்னு ஹெட் கேஸ்கெட் போயிருச்சு’ என்று சொல்லும் டிரைவர் பொய் சொல்லவில்லை.

ரேடியேட்டரில் நிலைமை வேறு. அங்கே வெப்பம் திணறுவது காற்றுப் பக்கத்தில். பொள்ளாச்சிச் சாலையில் தென்னைநார்த் தூசி, மில் பக்கம் பஞ்சு, மழை வந்தால் சேறு, எல்லாம் சேர்ந்து துடுப்புகளுக்கு நடுவே கம்பளி நெய்து வைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவான தண்ணீர் பீச்சினால் போகும். அழுத்தம் அதிகமானால் துடுப்புகள் மடிந்துவிடும்.

உள்ளிருக்கும் படிவுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், மெலிதாகக் கரைத்து எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, நன்றாக அலச வேண்டும். குளியலறை ஆசிட்டை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சுண்ணாம்போடு அலுமினியத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். அலசிய பிறகு ஊற்ற வேண்டியது கூலன்டும், பெட்ரோல் பங்க்கில் பேட்டரி தண்ணி என்று விற்கும் வடித்த நீரும்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டால் சூடாகாது என்பது பரவலான நம்பிக்கை. சில எஞ்சின்களில் அந்த வால்வு திறக்கும்போதே குறுக்குவழி ஒன்றை மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றிவரும், சூடு அதிகமாகும். குறுக்குவழி இல்லாத எஞ்சின் எந்நேரமும் குளிர்ந்தே ஓடி, டீசலைக் குடித்துத் தேயும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் பாகமாகவே மதிப்பதில்லை. அதிலுள்ள ரப்பர் வளையமும் ஸ்பிரிங்கும் உள்ளழுத்தத்தை வெளிக்காற்றைவிட சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அளவுக்கு உயர்த்திப் பிடிக்கின்றன. அதனால் சமவெளியில் தண்ணீர் 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடியோடு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறுங்கள். 1,850 மீட்டர் உயரத்தில் குன்னூரில் காற்றழுத்தம் குறைவு, திறந்த தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் சாதாரணமாக ஓடும் சூட்டுக்கும் அதற்கும் இடைவெளியே இல்லை. நல்ல மூடி இருந்தால் அங்கேயும் 115. ஒரு மூடிதான் இருபது டிகிரிக்குக் காவல். சூடான எஞ்சினில் அதை மட்டும் திறக்காதீர்கள். காவல் விலகிய கணத்தில் உள்ளிருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஒரே வீச்சில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

*

டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் டீசல் ஊற்றினால் மட்டும் எடுக்காது. ‘ஏர் லாக்’ ஆகியிருக்கும். பைப்பிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும்.

எவ்வளவு காற்று? பிக்கப் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் ஒரு மணி நேரத்தில் நான்கு லிட்டர். நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், மணிக்கு 2,40,000 தடவை நாசில் பீச்சுகிறது. வகுத்தால் ஒரு பீச்சலுக்கு சுமார் 17 கன மில்லிமீட்டர். ஒரு சின்ன மிளகின் அளவு. பம்ப்பின் பிளஞ்சர் இவ்வளவு சிறிய அளவை, பழைய நேரடிப் பீச்சல் எஞ்சின்களில் 200 பார் அளவுக்கு அழுத்தித்தான் நாசிலைத் திறக்க வைக்கிறது. அந்த அழுத்தத்தில் டீசல் நூற்றில் ஒன்றரைப் பங்கு சுருங்கும். காற்றோ இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மிளகளவு காற்று பிளஞ்சருக்கு முன்னால் இருந்தால், அதன் உழைப்பு முழுவதும் அந்தக் குமிழியைக் கசக்குவதிலேயே தீர்ந்துபோகும். நாசில் திறக்காது.

நான் சொல்வது இயந்திர பம்ப் வைத்த பழைய வண்டிகளைப் பற்றி. ராபர்ட் போஷ் நிறுவனம் 1927-இல் டீசல் பம்ப்புகளைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ அவற்றை இந்தியாவுக்குப் பழக்கியது. அந்த நிறுவனத்தின் பெயர் மாறிய பிறகும் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ‘மைக்கோ பம்ப்’ என்றே பெயர் நின்றுவிட்டது. பில்டரின் மேலிருக்கும் ஏர் ஸ்குரூவை இரண்டு திருப்புத் தளர்த்தி, கைப் பம்ப்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு கண்ணாடிபோல டீசல். அமுக்கிக்கொண்டே ஸ்குரூவை முடுக்க வேண்டும். விட்டுவிட்டு முடுக்கினால் காற்றை மறுபடி இழுத்துக்கொள்ளும். பிறகு டீசல் பம்ப்பிலும் இதேபோல. தேவைப்பட்டால் கடைசியாக நாசில் பைப் நட்டைத் தளர்த்தி, செல்ப் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அப்போது கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தாரை ஊசியைப்போலத் தோலுக்குள் புகுந்துவிடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய காயம் அது.

டீசல் தீராமலேயே தினமும் காலையில் காற்று வாங்கும் வண்டியும் உண்டு. எங்கேயோ ஒரு வாஷர், வெடித்த ரப்பர் பைப், சரியாக உட்காராத பில்டர். டேங்க்கிலிருந்து இழுக்கும் பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். நனையாத கசிவு இது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் டிரான்ஸ்பரண்ட் ஹோஸ் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது. குமிழி வரிசையாக ஓடுவது தெரியும்.

*

எல்லாப் படலமும் பகையில்லை. எஞ்சின் உயிரோடு இருப்பதே ஒரு படலத்தால்தான். கிராங்க் ஷாப்ட் தன் பேரிங்கைத் தொடாமல், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்த் திரையின்மேல் மிதந்து சுழல்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதை ரயில் ஊரில் சொல்லத் தகுந்தது. 1883-இல் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் ஆக்சில் பேரிங்கில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேலே ஒரு துளை போட்டார். ஆக்சில் சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கையைத் தள்ளியது. மரக்கட்டையை அறைந்தார், அதையும் தள்ளியது. சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு காட்டும் மானியை மாட்டினார், முள் அளவைக் கடந்து ஓடியது. சுழலும் தண்டு எண்ணெயைக் குறுகும் இடுக்குக்குள் தானே இழுத்துச் சென்று, தன்னைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மூன்று வருஷம் கழித்து ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் அதற்குச் சமன்பாடு எழுதினார்.

சுழற்சி நின்றால் திரை இல்லை. ஆகவே எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு காலையில் எடுக்கும் அந்த முதல் சில வினாடிகளில் நடக்கிறது. எடுத்தவுடன் ஆக்சிலேட்டரை உறுமவிடுவது எனக்குப் பொறுக்காது. ஆயில் மாற்றுவது கைக்காரியங்களிலேயே எளிது. 17 நம்பர் ரிங் ஸ்பேனர், பழைய தகரம், திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட் ஒரு கை. அவ்வளவுதான் வேண்டும்.

*

நீலகிரியிலிருந்து கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. பாரத்தோடு வண்டி மூன்று டன், இறக்கம் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் 4.4 கோடி ஜூல். கீழே வந்து நிற்கும்போது அது முழுவதும் எங்கேயாவது சூடாகப் போயிருக்க வேண்டும். 150 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு. ஏறிய கியரிலேயே இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் நான்கு சக்கரங்களின் டிரம்மும் டிஸ்க்கும் வாங்க வேண்டும். பிரேக் லைனர் வேகும் வாடை மலையடிவாரத்தில் கல்லார் வரும்போது தெரியும்.

வாடை வரும்போதே பிரேக்கின் பிடிப்பு குறைந்திருக்கும். அடியோடு பிடிக்காமல் போவது பிரேக் ஆயிலால். அது பெட்ரோலிய எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட உறிஞ்சிக்கொள்ளும். டாட்-3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140. டாட்-4-க்கு 230, 155. சூடேறிய சக்கரத்தின் சிலிண்டருக்குள் அந்த எல்லையைத் தாண்டினால் ஆவிக்குமிழி பிறக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் 80 மில்லிக்கு மேல் இடம் கேட்கும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதியில் தள்ளுவது 10 மில்லியை ஒட்டி. பெடல் தரையைத் தொடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் கெட்டியாகிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்பார்கள்.

அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிவிடுகிறேன். தனியாளால் ஆகாது, ஒருவர் பெடலில் இருக்க வேண்டும். என் மகள் உட்கார்வாள். முதல் தடவை ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் கற்றுக்கொண்டோம், யாரும் அப்படித்தான் கற்க வேண்டும். சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் வண்டியை இறக்கி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவான பின்சக்கரத்திலிருந்து தொடங்குவோம். நிப்பிளில் மெல்லிய ட்யூபை மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைப்பேன்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேங்கப்பா.”

“பிடிச்சுக்கோ.” நிப்பிளைக் கால் திருப்புத் திறப்பேன். காப்பி நிறத்தில் ஆயில் பாயும், நடுவே குமிழிகள். மூடுவேன். “விடு.”

பெடலை விட்டபிறகு திறந்தால் காற்று உள்ளே போகும். அதனால் ‘பிடிச்சுக்கோ’வுக்கும் ‘விடு’வுக்கும் நடுவில் மட்டும்தான் என் ஸ்பேனர் அசையும். மேலே டப்பாவில் ஆயில் குறையாமல் அவ்வப்போது ஊற்ற வேண்டும். கடைசிச் சக்கரத்தில் ட்யூபுக்குள் தேன் நிறம் வந்தது. ஒரு குமிழி மட்டும் வளைவில் ஒட்டிக்கொண்டு நின்றது. ட்யூபை விரலால் சுண்டினேன், மேலேறிப் போனது. இன்னும் மூன்று மிதி பார்த்தோம். நிப்பிளை முடுக்கி, ரப்பர் மூடியைப் போட்டேன்.

“அப்பா, பெடல் கல்லு மாதிரி இருக்குது” என்றாள்.